காற்றுக்குக் கட்டிய கோபுரம்

ஆகஸ்ட் மாதம். இரவு ஒன்பது மணி. ஷார்ஜாவில் என் பள்ளிக்கூட நண்பன் வீட்டில் இருந்தேன். கீழே மலையாளி கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். லிஃப்டில் இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளி, வெளியே ஒரே ஒரு அடி எடுத்து வைத்தேன். ஊரே மறைந்து போனது!

பதற வேண்டாம். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது, அவ்வளவுதான். துடைத்தேன். மறுபடி படிந்தது. ''ரெண்டு நிமிஷம் சும்மா நில்லுடா. கண்ணாடி சூடாகணும். அப்புறம்தான் தெரியும்'' என்றான் நண்பன், இருபது வருட அனுபவத்தோடு.

நின்றேன். கதவுக்கு உள்ளே 22 டிகிரி. வெளியே அந்த ராத்திரியிலும் 36. கடலோர ஊர் என்பதால் காற்றிலேயே பாதி தண்ணீர். ஒரே கதவு, இரண்டு பக்கமும் இரண்டு தேசம்.

சாயாவை முடித்துவிட்டு மேலே வந்தால், நண்பனின் மகள் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஏதோ புராஜெக்ட். ஒரு மனுஷன் ஒரு நாள் வாழ்ந்து முடிப்பதற்குள் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்ஸைடை ஆகாயத்துக்கு அனுப்புகிறான் என்று கணக்குப் போட வேண்டும். கார்பன் தடம் என்கிறார்களே, அதுதான். குடும்பத்திலேயே மூன்று பேரை எடுத்துக்கொண்டிருந்தாள். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் தாத்தா. லண்டனில் இருக்கும் தாய்மாமன். மூன்றாவது, அப்பா.

''அங்கிள், மூணு பேர்ல அப்பாதான் வில்லன்!'' என்றாள்.

''நான் என்னம்மா பண்றது? இந்த ஊரு வெயில் அப்படி'' என்றான் நண்பன்.

சூடான நாட்டுக்குப் பிழைக்கப் போன எவரும் சொல்கிற பதில்தான் இது. அன்றைக்கு வரைக்கும் எனக்கும் இதில் சந்தேகம் இருந்ததில்லை. ஆனால், அந்தப் பெண்ணின் காகிதங்களைப் புரட்டப் புரட்ட, வெயிலின் மேல் அநியாயமாகப் பழி போடுகிறோமோ என்று தோன்ற ஆரம்பித்தது.

வெயிலைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் குளிரை விசாரித்துவிடலாம். ஏனென்றால், சரித்திரத்தில் முதலில் எரித்தவன் குளிரில் நடுங்கியவன்தான். லண்டன்காரர்கள் 13-ம் நூற்றாண்டிலேயே நிலக்கரி எரித்து ஊரைப் புகையாக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாற்றம் தாங்காமல் முதலாம் எட்வர்ட் மன்னர் தடை போட்டுப் பார்த்தார். யார் கேட்டார்கள்? அரசன் தண்டிப்பது அப்புறம், குளிர் இப்போதே தண்டிக்கிறதே! 1952 டிசம்பர் 5-ம் தேதி லண்டன் மீது ஒரு புகைமூட்டம் வந்து உட்கார்ந்தது. ஐந்து நாள் நகரவில்லை. வீட்டுக்கு வீடு எரிந்த கணப்புகளின் கரிப்புகை, மின் நிலையங்களின் புகை, பனி எல்லாம் சேர்ந்து கெட்டியாகிவிட்டது. பஸ்ஸுக்கு முன்னால் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வழிகாட்ட வேண்டிய நிலை. சுமார் 4,000 பேர் செத்தார்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள். பிறகு கணக்குப் போட்ட ஆய்வாளர்கள், 12,000 பேர் வரை இருக்கும் என்றார்கள். 1956-ல் சுத்தமான காற்றுக்குச் சட்டம் வந்தது. குளிர் என்னவோ போகவில்லை. கரி போய் கேஸ் வந்தது.

அமெரிக்காவில் மைக்கேல் சிவாக் என்ற ஆய்வாளர் 2013-ல் ஒரு வேலை செய்தார். நடுக்குகிற மினியாபொலிஸையும், வேர்த்துக் கொட்டுகிற மயாமியையும் எடுத்துக்கொண்டு, வீட்டைச் சுகமாக வைத்திருக்க எங்கே அதிக சக்தி செலவாகிறது என்று ஒப்பிட்டார். மயாமியைப் போல மூன்றரை மடங்கு மினியாபொலிஸில்!

காரணம் ரொம்ப சிம்பிள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, உள்ளே 20 வேண்டும் என்றால், கடக்க வேண்டிய தூரம் 30 டிகிரி. வெளியே 34, உள்ளே 24 என்றால், பத்தே டிகிரி. தவிர, கணப்பில் ஒரு யூனிட் எரித்தால் அதிகபட்சம் ஒரு யூனிட் சூடுதான் கிடைக்கும். ஏ.சி. எதையும் எரிப்பதில்லை. உள்ளே இருக்கிற சூட்டை வாரி வெளியே கொட்டுகிற கூலிக்காரன் அது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று யூனிட் சூட்டைத் தூக்கிப் போய்ப் போட்டுவிடும்.

இந்த ஏ.சி-யே மனுஷனுக்காகப் பிறந்ததில்லை தெரியுமோ? 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு அச்சகம். ஈரக்காற்றில் காகிதம் ஊதி, வண்ணங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. காகிதத்தை ஒழுங்காக இருக்க வைக்க, வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் செய்துகொடுத்த யந்திரம்தான் இன்றைய ஏ.சி-யின் மூதாதை. அச்சடித்துக்கொண்டிருந்த தொழிலாளிக்குக் கிடைத்த குளிர்ச்சி, காகிதத்துக்குப் போட்ட விருந்தில் மிச்சம்.

சரி, துபாய்க்கு வருவோம். ஏ.சி. வருவதற்கு முன்னால் அந்த வெயிலில் ஜனங்கள் எப்படி இருந்தார்கள்?

துபாய் க்ரீக் ஓரத்தில் அல் ஃபாஹிதி என்று ஒரு பழைய குடியிருப்பு இருக்கிறது. முன்பு அதற்கு பஸ்தகியா என்று பெயர். தென் ஈரானில் பஸ்தக் என்ற ஊரிலிருந்து வந்த வியாபாரிகள் குடியேறிய இடம். ஈரான் பக்கத்து லிங்கே துறைமுகத்தில் சுங்க வரி ஏறிக்கொண்டே போனது. 1900-களின் தொடக்கத்தில் துபாய் ஷேக், 'இங்கே வாருங்கள், வரி இல்லை' என்று கதவைத் திறந்துவிட்டார். வந்துவிட்டார்கள். முத்து, ஜவுளி, மளிகை என்று வியாபாரத்தோடு இன்னொரு சரக்கையும் கொண்டுவந்தார்கள். காற்றுக் கோபுரம். அரபியில் பர்ஜீல்.

வீட்டு மொட்டை மாடிக்கு மேலே சதுரமாக எழும்பி நிற்கும் கோபுரம். நான்கு பக்கமும் திறப்பு. உள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சுவர்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு பக்கம் மாட்டிக்கொண்டு, சுவரில் மோதி, கீழே அறைக்குள் இறங்கிவிடும். எதிர்ப் பக்கத்துத் திறப்பு, அறையின் சூடான காற்றை உறிஞ்சி மேலே அனுப்பிவிடும். சுவரெல்லாம் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல். துளைத் துளையாக இருப்பதால் சூட்டை லேசில் உள்ளே விடாது. கூரைக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்த அலையாத்தி மரக் கம்புகள். அந்தக் கம்பு எவ்வளவு நீளமோ, அறை அவ்வளவுதான் அகலம். மூன்று, மூன்றரை மீட்டர். ஷேக் வீடானாலும் சரி!

பணம் இல்லாதவனுக்கு? ஈச்ச ஓலையில் பின்னிய பரஸ்தி குடிசை. ஓலை இடுக்கு வழியே காற்று தானாக வரும். அதிலும் சிலர், சாக்குத் துணியைக் கம்புகளில் கட்டி ஏழை பர்ஜீல் ஒன்றை மேலே நிறுத்திக்கொண்டார்கள்.

இதையெல்லாம் சொன்னவுடனே, 'அந்தக் காலத்தில் எவ்வளவு அறிவு பாருங்கள்' என்று உருக ஆரம்பித்துவிடாதீர்கள். பர்ஜீல் 45 டிகிரியை 22 ஆக்காது. உடம்பில் காற்றுப் படும், வேர்வை காயும். அவ்வளவே. நடுக்கோடையில் அதுவும் கைவிட்டுவிடும். முடிந்தவர்கள் குடும்பத்தோடு அல் அய்ன், ராஸ் அல் கைமா பக்கத்துப் பேரீச்சந்தோப்புகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆண்கள் பலர் முத்துக் குளிக்கக் கடலில் இருப்பார்கள். கோடைதான் முத்து சீசன். மிச்சம் இருந்தவர்கள் மாடியில் ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். சிரமமான வாழ்க்கைதான். கார்பன் கணக்கு மட்டும் ஏறக்குறைய சைபர்.

துபாய்க்குப் பொது மின்சாரம் வந்ததே 1960-களின் தொடக்கத்தில்தான். 1966-ல் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்தது. அதே வருஷம் வரை அங்கே கடைத்தெருவில் புழங்கியது நம் ரிசர்வ் வங்கி அடித்த வளைகுடா ரூபாய் என்பது இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தம் இல்லாத, ஆனால் சொல்லாமல் விட மனசு வராத சங்கதி. 1969-ல் எண்ணெய் ஏற்றுமதி. 1971-ல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பிறந்தது. அடுத்த பத்து வருடத்தில் ஏ.சி. பெட்டி இல்லாத ஜன்னலே இல்லை. பஸ்தகியா வியாபாரிகள் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பழைய வீடுகளில் பாதியை இடித்தாகிவிட்டது. மீதியும் போயிருக்கும். அங்கே குடியிருந்த ரெய்னர் ஆட்டர் என்ற ஆங்கிலேய கட்டடக் கலைஞர், விஷயத்தை இளவரசர் சார்லஸ் வரை கொண்டு போனார். 1989-ல் துபாய் வந்த சார்லஸ் நேரில் சுற்றிப் பார்த்தார். இடிப்பது நின்றது. காற்றுக் கோபுரத்துக்கு வக்காலத்து வாங்கியவர்கள் இரண்டு பேருமே குளிர்நாட்டுக்காரர்கள்!

இப்போது அந்தப் பெண்ணின் காகிதங்களுக்கு வருகிறேன்.

முதல் காகிதம் லண்டன் மாமா. பிரிட்டனில் ஒரு சராசரி வீடு வருஷத்துக்குச் சுமார் 11,500 யூனிட் கேஸ் எரிக்கிறது. பெரும்பகுதி குளிர்காலத்தில். ஜனவரியில் மாமா வீட்டில் ஒரு நாளைக்கு 70 யூனிட். யூனிட்டுக்கு 180 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு. நாலு பேர் குடும்பம். தலைக்கு மூன்று கிலோ சொச்சம்.

இரண்டாவது அப்பா. ஆகஸ்ட் கரன்ட் பில்லை வைத்துப் பார்த்தால், ஏ.சி-க்கு மட்டும் நாளைக்கு 40 யூனிட். யூனிட்டுக்கு 400 கிராம் என்று போட்டிருந்தாள். இங்கேயும் நாலு பேர். தலைக்கு நாலு கிலோ.

கவனித்தீர்களா? பாலைவனத்து ஆகஸ்டும் லண்டன் ஜனவரியும் கிட்டத்தட்ட தராசில் சமமாக நிற்கின்றன. அப்புறம் அப்பா எப்படி வில்லன் ஆனார்?

அடுத்த வரியில் இருந்தது விடை. கார்.

நண்பனுக்கு வேலை துபாயில். வீடு ஷார்ஜாவில். காரணம், வாடகை. அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் ஏகப்பட்ட பேர் இப்படித்தான். போக 30 கிலோமீட்டர், வர 30. துபாயில் 2009 செப்டம்பரிலேயே மெட்ரோ ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால், ஷார்ஜாவுக்குள் வருவதில்லை. ஆகவே பெரிய கார். காலை நெரிசலில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் அதிர்ஷ்டம். நாளைக்கு ஆறு லிட்டர் பெட்ரோல். ஒரு லிட்டர் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. மொத்தம் 14 கிலோ!

ஏ.சி. நாலு, கார் பதினாலு. ஆகஸ்டுக்குப் பதில் ஜனவரியாக இருந்தாலும் அந்தப் பதினாலு மாறாது. லண்டன் மாமா பாதாள ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

''அப்போ வெயில் இல்ல, வாடகைதான் வில்லன்னு எழுதிடு'' என்றான் நண்பன். பேச்சில் தெம்பு வந்துவிட்டது.

தண்ணீரையும் விடவில்லை அவள். எமிரேட்ஸில் ஆறு கிடையாது. குழாயில் வருவது பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தது. சராசரியாக ஒருவர் நாளைக்கு 500 லிட்டர் செலவழிக்கிறார்கள் என்கிறார்கள். சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் புது முறையில் ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நாலு யூனிட் மின்சாரம். கொதிக்க வைத்து ஆவியாக்கும் பழைய முறையில் அதைப் போலப் பல மடங்கு. புது முறையில் தலைக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும் என்று போட்டிருந்தாள். நான் பயந்த அளவுக்கு இல்லை.

எல்லாம் சேர்த்தால் அப்பாவுக்கு ஏறக்குறைய 20 கிலோ. தாத்தாவுக்கு? மின்விசிறி, டி.வி., கேஸ் சிலிண்டரில் பங்கு, கும்பகோணத்துக்கு டவுன் பஸ். இரண்டு கிலோ. வயலில் தேங்கிய தண்ணீரிலிருந்து மீத்தேன் வாயு கிளம்பும், அதையும் தாத்தா கணக்கில் எழுத வேண்டும் என்று சொன்னேன். முறைத்தாள். ''அது தாத்தா மட்டும் சாப்பிடலையே, அங்கிள்!'' நியாயம்தான்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு புள்ளிவிவரம் உறுத்தியது. ஐக்கிய அரபு எமிரேட்ஸில் தலைக்கு வருஷத்துக்கு 20 டன்னுக்கு மேல் என்று எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது. இந்தியாவுக்குச் சுமார் 2 டன். 20 டன் என்றால் நாளைக்கு 55 கிலோ. வில்லன் அப்பாவே 20 கிலோதானே? மீதி எங்கே போனது? அலுமினிய ஆலை, சிமென்ட், எண்ணெய், எரிவாயு. வேறு யாரோ வாங்கிப் பயன்படுத்தப் போகும் சரக்கின் புகையும் அங்கே வசிப்பவன் தலையில்தான் எழுதப்படுகிறது.

அந்தத் தலைகள் யாருடையவை என்பதுதான் முக்கியம். அங்கே பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேர் வெளிநாட்டிலிருந்து போனவர்கள். அதில் பெரும் பங்கு நம் புதுக்கோட்டை, ராமநாதபுரம் ஆட்களைப் போன்ற கட்டடத் தொழிலாளிகள். நண்பனை நச்சரித்து, மறுநாள் ஒரு லேபர் கேம்ப்புக்குப் போனேன். ஒரு அறையில் எட்டுப் பேர். அடுக்குக் கட்டில். எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு ஏ.சி. வேலைக்குப் போய் வர கம்பெனி பஸ், ஐம்பது பேர் அடைந்துகொண்டு. ஊருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை விமானம். அந்தப் பெண்ணின் முறையிலேயே அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏ.சி-யில் ஒரு கிலோ, பஸ்ஸில் ஒரு கிலோ, சமையல் கொஞ்சம். மூன்று கிலோ தாண்டவில்லை. கும்பகோணத்துத் தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி!

வெயில் என்றால் நிஜமான வெயில் இவர்களுக்குத்தான். 2005-லிருந்து கோடையில் நடுப்பகலில் வெட்டவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை. மற்ற நேரமெல்லாம் வெளியே. நாற்பது டிகிரியில் நின்று இவர்கள் மாட்டுகிற கண்ணாடிச் சுவருக்கு உள்ளேதான் 22 டிகிரி. அந்தக் கண்ணாடியோ வெயிலை வா வா என்று உள்ளே இழுக்கும் ஜாதி. அதை எதிர்த்து ஏ.சி. ஓட வேண்டும். பவளக்கல் சுவர் கட்டியவன் சிரித்திருப்பான்.

''நம்ம ஊர்ல மட்டும் என்ன வாழுது?'' என்றான் நண்பன், திரும்பும் வழியில். காரை நெரிசலில் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான். ''அப்பாவோட ஓட்டு வீடு ஞாபகம் இருக்கா? முற்றம், திண்ணையெல்லாம் வெச்சு...''

மறக்க முடியுமா? பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று சொல்லிவிட்டு அந்த முற்றத்துத் தூணில் சாய்ந்து தூங்கியவர்கள் நாங்கள். மே மாதத்திலும் அங்கே ஒரு காற்று இருக்கும். நடுவில் திறந்த முற்றம் வழியே சூடு மேலே போக, திண்ணைப் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். பர்ஜீலின் தூரத்து உறவு.

''போன வருஷம் இடிச்சிட்டேன்டா. காங்கிரீட்ல மாடி கட்டியாச்சு. முற்றம் இல்ல. சொந்தக்காரங்க மத்தியில ஒரு இதுக்காகத்தான். மத்தியானம் உள்ளே உட்கார முடியலைன்னாரு அப்பா. அடுத்த மாசம் ஏ.சி. போடணும்.''

மகளின் கணக்கில் தாத்தா இன்னும் இரண்டு கிலோவில்தான் இருக்கிறார். ஏ.சி. வந்தால்? நம் ஊர் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரி. யூனிட்டுக்கு 700 கிராம். எமிரேட்ஸில் எரிவாயுவும், 2020-க்குப் பிறகு பராக்கா அணு மின் நிலையமும் என்பதால் அங்கே அதைவிடக் கணிசமாகக் குறைவு. அதாவது, அதே ஏ.சி., அதே எட்டு மணி நேரம், கும்பகோணத்தில் ஓடினால் ஷார்ஜாவைவிட அதிகமாகப் புகை விடும். நான் இதை நண்பனிடம் சொல்லவில்லை. 78 வயசுக்காரர் காங்கிரீட் கூரையின் கீழ் மே மாதத்தைத் தாண்ட வேண்டுமே. அவரிடம் போய் கிலோ கணக்குப் பேச முடியுமா?

ஊருக்குக் கிளம்பும் நாளன்று பஸ்தகியாவுக்குப் போனேன். பகல் பதினொரு மணி. சந்துகளெல்லாம் வேண்டுமென்றே குறுகலாக விட்டவை. எதிரெதிர் சுவர்களின் நிழல் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். பார்வையாளர்களுக்கான அறை ஜில்லென்று இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். பர்ஜீல் இறங்கும் வாயை அட்டை வைத்து நன்றாக அடைத்திருந்தார்கள். ஏ.சி. காற்று அது வழியே வெளியே போய்விடக் கூடாதல்லவா?

முற்றத்துக்கு வந்தேன். துடைப்பத்தோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் ஈரத்துண்டு. என் கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அறந்தாங்கியாம். பதினோரு வருஷமாக அங்கே இருக்கிறாராம்.

''அண்ணே, அந்த ரூம்ல ஏ.சி. இருக்கு. போய் உட்காருங்க'' என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, முற்றத்தின் மூலையில் இன்னும் அடைக்காமல் விட்டிருந்த ஒரு கோபுரத்தின் அடியைக் காட்டினார்.

''ஆனா இப்ப இங்க வந்து நின்னு பாருங்க. இந்நேரத்துக்குக் கடல் காத்து ஆரம்பிச்சிடும். நாங்கெல்லாம் இங்கதான் சாப்பிடுவோம்.''

சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.